குடிகாரன் என்ற நல்ல பேர்

போன மாதக் கூட்டத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த அந்தப் பயிற்சியாளர்ப் பெண்ணை மறந்திருக்க மாட்டீர்கள். ஹட்டன் குளிரில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அறுபது தாண்டிய நம்மை மூச்சை இழுத்து இழுத்து விடச் சொன்னாள். நமக்குக் கண்தானே சரியில்லை, நுரையீரலுமா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அவருக்கு என் வணக்கம். பிறகு, "எல்லாரும் கண்ண மூடிக்குங்க" என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. கண் போன காலத்தில் உங்களுக்கு முதலில் ஆறுதலாக இருந்தது யார்? அம்மா என்றார் ஒருவர். ஆசிரியர் என்றார் ஒருவர். இன்னொருவர் முருகன் என்றார். எல்லாவற்றுக்கும் கைதட்டல். என் முறை வந்தபோது தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. நீங்கள் அடுக்கிய பொய்களுக்கு நடுவில் பேச எனக்கு மனம் வரவில்லை. இப்போது இந்தப் போன், பேசினால் தானே எழுதிக்கொள்கிறது, எழுதியதை வாசித்தும் காட்டுகிறது. ஆகவே ஆற அமரச் சொல்கிறேன்.

பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். நான் பத்து வயதுப் பெண்பிள்ளை. அந்த வருடம் மழை பிடித்தது பிடித்ததுதான், விடவே இல்லை. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எந்தக் காம்பராவுக்குள், அதாவது அறைக்குள், நுழைந்தாலும் நனைந்த கம்பளியின் ஆட்டு வாசமும், எரியாத விறகின் புகையும். தேயிலை ஆலையான ஸ்டோர் பக்கமிருந்து காற்றடித்தால் கொழுந்து வாடும் வாசம் வரும். அது ஒன்றுதான் நல்ல வாசம்.

என் கண்ணின் கதை உங்களில் பாதிப்பேருக்கு உள்ளதுதான். பளிச்சென்ற வெயிலில், நேராகப் பார்த்தால் தெரியும். பக்கவாட்டில் இருப்பது தெரியாது. பொழுது சாய்ந்தால் சுத்தமாக ஒன்றும் தெரியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்த மழையில் பகலே பொழுது சாய்ந்த மாதிரி இருந்ததால், திடீரென்று வந்த நோய் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

முதலில் கண்டுபிடித்தவர் பள்ளிக்கூட வாத்தியார். யாழ்ப்பாணத்துக்காரர், சலவை மடிப்புக் கலையாத மனிதர். பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டே நான் புத்தகம் முழுவதையும் பாடமாக்கி வைத்திருந்தேன். ஒருநாள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசித்துவிட்டேன். "நீ வாசிக்கேல்லை. பாடமாக்கி ஒப்புவிக்கிறாய். ஆரை ஏய்க்கப் பாக்கிறாய்?" என்று கேட்டுப் பிரம்பால் விளாசினார். ஏன் பாடமாக்கினாய் என்று மட்டும் கேட்கவில்லை. படித்த மனிதர், பாதி வழி வந்து நின்றுவிட்டார்.

அடுத்தவர் தோட்டத்து மருந்துக்காரர். அவரை நாங்கள் டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிட வேண்டும். விரலைத் தூக்கிக் காட்டி, "இது எத்தனை?" என்றார். சரியாகச் சொன்னேன். சத்துக் குறைவு என்று சொல்லி ஒரு போத்தல் மீன் எண்ணெய் கொடுத்தார். அவர் தொடங்கிவைத்தது லயம் முழுக்கப் பரவியது. போகிறவன் வருகிறவனெல்லாம் என் மூக்குக்கு முன்னால் விரலை நீட்டி எத்தனை என்று கேட்டான். கைவிரலை எண்ணத் தெரிந்த அளவுக்கு எங்கள் சனத்துக்குத் தன் சம்பளத்தை எண்ணத் தெரிந்திருந்தால் எப்போதோ முன்னேறியிருக்கும்.

பள்ளிக்கூடம் நின்றது. அம்மா கொழுந்து பறிக்கப் போக வேண்டும், என்னை அடுப்போடு தனியே விட முடியாது. அதனால் பிள்ளைக் காம்பராவில் கொண்டுபோய் விட்டாள். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, போகும் வழியில் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பத்து வயதுக் கழுதையை அங்கே விட்டார்கள். வரிசையாகச் சாக்குத் தொட்டில்கள், பால்மா வாசமும் மூத்திர வாசமும், கரி அடுப்புக்கு மேலே கயிற்றில் காயும் துணிகள். நீல விளிம்பு வைத்த ஒரு வெள்ளைத் தகரக் கோப்பையை என் கையில் கொடுத்தார்கள். அடிப்பக்கம் பூச்சு பெயர்ந்து கட்டைவிரலுக்குச் சொரசொரவென்று இருக்கும். அதை இன்றைக்குத் தொட்டாலும் அடையாளம் சொல்வேன்.

முதல் நாள் மூலையில் உட்கார்ந்து அழுதேன். தொட்டில்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரது, பெரிய தொண்டையில அழுவுறது?"

"நாந்தான்."

"பசிக்குதா?"

"இல்ல. எனக்குக் கண்ணு தெரியல."

"எனக்குந்தான் தெரியல. அதுக்குன்னு பொழுதன்னைக்கும் அழுவுவாங்களா? புள்ளைங்க முழிச்சிக்கும். அழுவுறதுன்னா வெளிய போயி அழுதுட்டு வா."

கேட்டுக்கொள்ளுங்கள், என் முதல் ஆறுதல் இதுதான். அவள் மேல்லயத்துப் பெண், என்னைவிட ஐந்து வயது மூத்தவள், பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கைக்குழந்தையாக அங்கே கொண்டுவந்து விட்டவர்கள், அவள் வளர்ந்த பிறகு வேறெங்கே விடுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். தொட்டிலாட்டுவது, துணி மாற்றுவது, பால் புகட்டுவது எல்லாம் அவள்தான். அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கிய ஆயாம்மா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாள்.

நான் அழுதுவிட்டு உள்ளே வந்ததும் அக்கா கேட்டாள். "ஒனக்கு எப்பிடித் தெரியாது? எனக்குத் தெரியாத மாதிரியா, வேற மாதிரியா?"

அதுவரை எந்த மனித ஜென்மமும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப ஒனக்கு அரைக்கண்ணு இருக்கு. இருக்கறத வெச்சிக்கிட்டுப் பால் பொங்குதான்னு பாரு. எப்பவும் பொங்கி அடுப்ப அணைச்சுருது. தொட்டில நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். அந்த மழைக்காலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்யாத கூத்தில்லை. அக்கா ஒவ்வொரு தாயின் குரலிலும் பேசிக் காட்டுவாள். கணக்கப்பிள்ளையின் இருமலை அப்படியே இருமுவாள், வாசலில் ஆயாம்மா பதறி எழுந்து வெற்றிலையைத் துப்புவாள். நான் ஜன்னலில் நின்று, மலையில் வரிசையாகப் போகிறவர்களைத் தெரிந்தவரைக்கும் சொல்வேன், சாயங்காலம் தெரியாததைச் சேர்த்தும் சொல்வேன். "பொய்யின்னாலும் நல்லாத்தான் இருக்கு, சொல்லு" என்பாள். கண்ணுள்ளவர்களை அவள் கொஞ்சமும் மதிக்கவில்லை. "லாம்பு அணைஞ்சா கக்கூசுக்குப் போகத் தெரியாத சனம், நம்மளப் பாத்துப் பாவங்குது" என்பாள். என் வாய்த்துடுக்கு அவளிடமிருந்து ஒட்டியது. அவளிடமிருந்து எனக்கு ஒட்டியது அது ஒன்றுதான்.

இனி மாமா கதைக்கு வருகிறேன். அம்மாவின் தம்பி, எங்கள் தோட்டத்துக் கங்காணி. பகலில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. பொழுதுபட்டால் சுவரைத் தடவிக்கொண்டு, தடுக்கி விழுந்து, சாராய வாசத்தோடு வீடு வருவார். "பகல்ல தங்கம், பொழுதுபட்டா தவறணை" என்று சாராயக் கடையைச் சொல்லி லயமே சிரிக்கும். அம்மா தலையிலடித்துக்கொள்வாள். ஒருநாள் அம்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று மாமா என்னை அழைத்துப்போக வந்தார். மூடுபனி இறங்கிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அவர் கூட்டிப்போவார் என்று நான் நடந்தேன். நான் போகும் பக்கம் அவர் வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து பாதையோர வடிகால் கானுக்குள் விழுந்தோம், இடுப்பளவு மழைத்தண்ணி.

ஏறி வந்ததும் மாமா மடியிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துத் திறந்தது, மூடியின் சத்தத்திலும் சாராய வாசத்திலும் எனக்குத் தெரிந்தது. ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினார். மிச்சத்தில் கொஞ்சம் சட்டையில் தெளித்துக்கொண்டார், என் மேலும் துளி பட்டது.

"ஏன் மாமா குடிக்காமத் துப்புறீங்க?"

கொஞ்சத் தூரம் காலால் தடவித் தடவி நடந்த பிறகு சொன்னார். "எனக்கும் ஒன்ன மாதிரிதான் புள்ள. பொழுதுபட்டா ஒண்ணும் தெரியாது."

"அப்ப அதச் சொல்லலாமே."

"சொன்னா கங்காணி வேல போயிரும். உடப்புசல்லாவையில பாத்திருக்கற பொண்ணும் போயிரும். குடிகாரன்னா, கல்யாணம் பண்ணி வெச்சாத் திருந்திருவான்னு குடுத்துருவாங்க. கண்ணு தெரியாதவனுக்கு யாரு குடுப்பா? வெளிய சொல்லாத."

மாமா முட்டாள் இல்லை. தோட்டத்தை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். எங்கள் ஊரில் குடிகாரன் என்பது கௌரவமான பேர். குடிகாரனுக்குப் பெண் உண்டு, பதவி உண்டு, விழுந்தால் சிரிப்பு உண்டு. குருடனுக்குப் பிள்ளைக் காம்பராவின் மூலைதான்.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "பாவம், இந்த மழையில தனியா எப்பிடித்தான் நடக்கறாரோ. ஒரு நாளைக்கு இங்க வரச் சொல்லு" என்றாள். நானும் போய்ச் சொன்னேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "குருட்டுப் புள்ளைங்களோட கங்காணிக்கு என்னா பேச்சு?" என்றார்.

மீன் எண்ணெய் தீர்ந்தது, கண் வரவில்லை. அம்மா பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தாள். உடுக்கு அடித்துக் குறி சொல்கிறவர். வரும் வழியில் மழைக்குப் பிள்ளைக் காம்பராவில் ஒதுங்கி, ஆயாம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, ஊர்க்கதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்தார். எங்கள் காம்பராவில் உட்கார்ந்து உடுக்கை அடித்தார், ஆடினார், பிறகு சொன்னார்: "கண்ணில்லாத கையி இந்தப் புள்ளைக்குத் தொட்டிலாட்டியிருக்கு. அந்தக் கையிலருந்துதான் எறங்கியிருக்கு."

லயமே அய்யோ என்றது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது என் தொட்டிலை ஆட்டியது அக்காதான். அவள் அப்போதே சிறுமியாக அங்கே தொட்டிலாட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஆட்டிய தொட்டிலில் தூங்கி எழுந்து, நல்ல கண்ணோடு திரியும் பிள்ளைகள் தோட்டம் முழுக்க இருந்தார்கள். அதை நினைத்துப் பார்க்கும் அளவுக்கு ஒரு தலையிலும் இடம் இல்லை.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் தாய்மார் கூடையோடு நின்றார்கள், மலைக்குப் போக மாட்டோம் என்றார்கள். லயத்துக் கூரை ஒழுகிப் பிள்ளைகள் நனைந்தபோது போகமாட்டோம் என்று சொல்லாதவர்கள். குழாயில் புழு வந்தபோது வாயைத் திறக்காதவர்கள். அந்தக் குருட்டுப் பெண்ணைப் பிள்ளைக் காம்பராவிலிருந்து எடுத்தால்தான் கொழுந்து எடுப்போம் என்று ஒற்றுமையாக நின்றார்கள். கணக்கப்பிள்ளை தோட்டத்துரையின் பங்களாவுக்குப் போனார், போன வேகத்தில் திரும்பி வந்தார். துரை சரி சொல்லிவிட்டாராம். சல்லிக்காசு செலவில்லாத கோரிக்கை, அவர் ஏன் மறுக்கப் போகிறார்?

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள், நான்தானே சாட்சி. மாமா கங்காணிக் கம்போடு பக்கத்தில் நின்றார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கும் இதே கண்தான், அந்தப் பெண் பிறக்கும் முன்பே நான் வளர்ந்தவன், என் தொட்டிலை அவள் ஆட்டவில்லை என்று சொன்னால் கோடாங்கியின் குறி அங்கேயே செத்திருக்கும். அக்காவுக்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தக் காம்பரா. மாமா இருமினார், கம்பைத் தரையில் தட்டினார். வாயைத் திறக்கவில்லை.

நான் கத்தினேன். "மாமாவுக்கும் பொழுதுபட்டாக் கண்ணு தெரியாது! அவருக்குந்தான் தெரியாது!"

களம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. "பொழுதுபட்டா ஒங்க மாமனுக்கு எந்தக் காலத்துலடி கண்ணு தெரிஞ்சிச்சு?" என்றான் ஒருத்தன். சண்டைக்கு நின்ற தாய்மாரும் சிரித்தார்கள், கணக்கப்பிள்ளையும் சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாமா. அம்மா என் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

பகலைக்கு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அக்காவின் அப்பா வந்து அவளைக் கூட்டிப்போனார். அவள் அழவில்லை. ஆயாம்மாவிடம், "கடைசித் தொட்டில்ல இருக்கற புள்ளைக்குக் காதுல சீழு வடியுது, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மேல்லயத்துக் காம்பராவில் விட்டு, வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் நாள் முழுக்கக் கத்தின. தொட்டிலைத் தொடக் கூடாது என்று எனக்கும் உத்தரவு. என் கண் வரவில்லை என்று சொல்லவா வேண்டும்?

அதே மழைக்காலம் முடியும் முன் மாமா செத்துப்போனார். சம்பள நாள் சாயங்காலம் ஸ்டோர் ரோட்டில் வந்தவர், பாலத்துக்குப் பக்கத்தில் கால் தவறி ஓடையில் விழுந்துவிட்டார். கால் முறிந்து கிடந்து கூப்பிட்டிருக்கிறார். மேலே ரோட்டில் ஆட்கள் போயிருக்கிறார்கள். அவர்களே சாவு வீட்டில் சொன்னார்கள். "'கண்ணு தெரியலப்பா, ஒரு கை குடுங்கப்பா'ன்னு கத்துனாருங்க. கங்காணிக்கு இன்னைக்கு ஏத்தம் கூடிருச்சின்னு நெனச்சிச் சிரிச்சிக்கிட்டே வந்துட்டோம்." விடிந்து பெரட்டுக்குப் போன பெண்கள்தான் பார்த்தார்கள். சட்டையில் சாராய வாசம் அப்படியே இருந்ததாம். அதற்குமேல் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று குடி குடியைக் கெடுக்கும் என்று நீண்ட பேச்சுப் பேசினார். பெண் கொடுக்க இருந்தவர்கள் உடப்புசல்லாவையிலிருந்து வந்து, நல்ல வேளை கல்யாணத்துக்கு முன்னால் போனான் என்று காதுபடவே சொன்னார்கள். நான் அம்மாவின் காதில், மாமா குடிக்கவில்லை, அவருக்குக் கண்தான் தெரியாது என்று சொன்னேன். அழுகையை நிறுத்திவிட்டு, "செத்தவன அசிங்கப்படுத்தாத புள்ள" என்றாள்.

இதையும் கேளுங்கள். நான் பெரியவளான பிறகு டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு கண் டாக்டர் என்னைப் பார்த்தார். இது குடும்பத்தில் வருகிற நோய், உங்கள் பக்கத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று அம்மாவைக் கேட்டார். "எங்க பக்கத்துல அப்பிடி யாருக்கும் கெடையாதுங்க" என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே. "ஒரு தம்பி இருந்தான். அவன் குடிச்சே செத்தான்." அம்மா என்ற பேர் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர்களே, உங்கள் அம்மாமார் வேறு மாதிரியாக இருந்திருக்கலாம். எனக்கு அமைந்தது இதுதான்.

சாவு வீட்டுக்கே திரும்புகிறேன். கங்காணி சாவுக்குத் தோட்டமே வர வேண்டும், அக்காவின் அப்பாவும் வந்தார். அவளைத் தனியே விட்டுவர முடியாமல் கூட்டிவந்து, விறகு அடுக்கியிருந்த மூலையில், என் பக்கத்தில் உட்கார வைத்தார். எங்களைப் பிரிக்க அன்றைக்கு யாருக்கும் நேரம் இல்லை. அந்தச் சாவுக்குப் பிறகு அவளைக் கந்தப்பளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் பிள்ளை பார்க்க அனுப்பிவிட்டார்கள். அங்கே அந்தக் கையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது. நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தது அதுதான் கடைசி.

நான் அழுதுகொண்டிருந்தேன். அக்கா இந்தத் தடவை வெளியே போய் அழச் சொல்லவில்லை. வெளியே தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்தில் அவள் என் காதோடு வாயை வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"விழுந்து கெடந்தப்ப என்னா சொல்லிக் கத்துனாராம்?"

"கண்ணு தெரியல, கை குடுங்கன்னு."

அவள் என் கையைத் தேடிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போயும் போயும் யாருகிட்டப் போயி கேட்டிருக்காரு பாரு," என்றாள். "நம்மகிட்டக் கேட்டிருந்தாக் குடுத்திருப்போமே."